அட்டையின் மறுபக்கம்

நமது பங்கு இல்லத்தின் வரவேற்பறையில், நாள்காட்டிக்கும் சுவர்க்கடிகாரத்திற்கும் இடையே ஒரு படம் மாட்டப்பட்டிருக்கிறது. ஒன்றரை அடி நீளம், ஓரடி உயரம். மூன்று பனைமரங்கள், அவற்றிற்குப் பின்னே கடல், கடலின்மேல் எழுகின்ற கதிரவன். பனைகளின் தண்டு கொட்டாங்குச்சிச் சில்லுகளால் ஆனது. அலைகளின் நுரை முட்டையோட்டுத் துண்டுகள். கதிரவனோ பழைய பெயின்ட் டப்பா ஒன்றின் மூடி. இவை அனைத்தையும் தாங்கி நிற்பது, யாரோ ஒருவருடைய வீட்டிற்குத் தொலைக்காட்சி வந்திறங்கிய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம். இதன் அடக்கவிலையைக் கணக்கிட்டால், பசைக்கும் வண்ணத்திற்கும் ஆன சில ரூபாய்களைத் தவிர வேறொன்றுமில்லை.

நம்மைக் காண வருவோர் பலர் அப்படத்தின் முன் சற்று நிற்கின்றனர். "நம் பங்குப் பிள்ளைகள் செய்தது" என்று நாமும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் அதனைக் காணும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருவது அதன் அழகன்று. நாம் செய்த ஒரு பிழை. அந்தப் பிழைக்குள் ஒரு கேள்வி அடங்கியிருக்கிறது. வீணென்று எறியப்பட்ட பொருளை எடுத்து அழகுபடுத்துவது எப்போது அறச்செயல் ஆகிறது? எப்போது வெறும் அலங்காரமாக நின்றுவிடுகிறது? அதனை வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரை.

தவக்காலத்தில் ஓர் அறிவிப்பு

சில ஆண்டுகளுக்கு முன்னர், தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, திருப்பலியின் இறுதியில் ஓர் அறிவிப்புச் செய்தோம். ஒவ்வோர் அன்பியமும், மறைக்கல்வி மாணவர்களும், வீட்டில் கழித்துப்போடும் பொருள்களைக்கொண்டே சுவரில் மாட்டத்தக்க வண்ணப் படங்களைச் செய்யவேண்டும்; உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் பங்கு மண்டபத்தில் கண்காட்சி; சிறந்ததற்குப் பரிசு; விற்றுவரும் தொகை ஏழை மாணவர்களின் கல்விக்கு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில், பொருள்களைப் பயன்படுத்தித் தூக்கியெறியும் பண்பாட்டைக் கண்டித்திருந்தார். ஒன்றை எறிந்துவிடாமல் மீண்டும் பயன்படுத்துவதும், தக்க நோக்கத்தோடு செய்யப்படுமாயின், அன்புச் செயலாகும் என்று அவர் உரைத்ததை நாமும் மறையுரையில் எடுத்துச் சொன்னோம். 'தக்க நோக்கத்தோடு' என்னும் சொற்களின் கனத்தை அன்று நாம் உணரவில்லை.

பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டுமே என்று தேடியபோது, நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் முன்வந்தார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர் அவர். பிளெக்ஸ் பலகைகள் வந்தபின் தூரிகைக்கு வேலை குறைந்து, கடைசியில் இல்லாமலே போயிற்று. மாலை நேரங்களில் மண்டபத்துத் திண்ணையில் அமர்ந்து அவர் கற்றுக்கொடுத்த முறை, நமக்கே ஒரு பாடமாக அமைந்தது.

அட்டைப்பெட்டியின் நடுவே அலையலையாக மடிந்த தாள் இருக்கும் அல்லவா? ஒரே அட்டையானால் அந்த மடிப்பின் வழியே எளிதில் வளைந்துவிடும். ஆகவே இரண்டு அட்டைகளை எடுத்து, ஒன்றின் மடிப்பு நெடுக்காகவும் மற்றதன் மடிப்புக் குறுக்காகவும் இருக்குமாறு ஒட்டி, இரவு முழுவதும் செங்கற்களை அடுக்கி வைக்கச் சொன்னார். ஒட்டுவதற்கு மைதாப் பசை. பூச்சி அரிக்காமல் இருக்க, புத்தகம் கட்டுவோர் செய்வதுபோல அதில் சிறிது மயில்துத்தம் கலந்தார். அது நஞ்சு என்பதால், பசை காய்ச்சுவதையும் ஒட்டுவதையும் தம் கையாலேயே செய்துவிட்டுப் பிள்ளைகளை எட்டி நிற்கச் செய்தார். அட்டையின் மேல் பழைய வேட்டித் துணி; துணியின் மேல், சுண்ணக்கட்டித் தூளைப் பசையோடு குழைத்த வெள்ளைப் பூச்சு. அது காய்ந்த பிறகுதான் வண்ணம். சட்டத்திற்கு மரம் வேண்டியதில்லை. செய்தித்தாளைச் சைக்கிள் கம்பியில் சுற்றி உருட்டி எடுத்தால் உறுதியான குழல் கிடைக்கும். அதனையே நான்கு புறமும் ஒட்டலாம்.

இது ஏதோ ஏழைகளின் ஒட்டுவேலை என்று எவரும் எண்ணிவிட வேண்டா. 1400-ஆம் ஆண்டையொட்டி இத்தாலி நாட்டில் சென்னினோ சென்னினி என்பவர் எழுதிய ஓவியக் கையேட்டில், பலகையின்மீது பழைய மெல்லிய நார்த்துணியை ஒட்டி, அதன்மேல் வெண்பூச்சுப் பூசும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. பொன்மினுக்கோடு திகழும் பழைய பீடப் படங்கள் சிலவற்றின் அடியில், பயன்படுத்திக் கழித்த துணி மறைந்திருக்கிறது என்பது எத்துணை பொருள் பொதிந்த செய்தி! நம் ஊர்களிலும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை அமைக்கும் இளைஞர்கள் சிமெண்டுப் பையின் தாளைக் கசக்கிச் சாயம் தெளிப்பதைக் கண்டிருக்கிறோம். காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு அரைத்து முறத்தில் மெழுகிய நம் அன்னையர், இக்கலையை எந்தப் பள்ளியிலும் பயிலவில்லை.

முதல் வாரம் பிள்ளைகள் செய்த படங்கள், காய்ந்ததும் பொரித்த அப்பளம்போல் வளைந்துகொண்டன. சிலர் முகம் வாடிற்று. பெரியவர் சிரித்தார். "முன்னால மட்டும் பூசினா அட்டை முன்பக்கமா இழுக்கத்தான் செய்யும். யாரும் பார்க்கப்போறதில்லைன்னு பின்பக்கத்தை விட்டுட்டீங்க. அங்கேயும் அதே அளவு பூசுங்க, நேரா நிற்கும்" என்றார். ஈரம் பட்ட பக்கம் விரிந்து, காயும்போது சுருங்கி இழுக்கிறது. மறுபக்கத்திலும் அதே இழுப்பு இருந்தால்தான் அட்டை நிமிர்ந்து நிற்கும். கேட்டுக்கொண்டிருந்த நாம், நல்லதொரு மறையுரைக் கருத்து என்று குறித்துவைத்துக்கொண்டோம். நமக்கே உரிய மறுபக்கம் ஒன்று காத்திருந்ததை அறியவில்லை.

கண்காட்சியின் மூன்று பாடங்கள்

கண்காட்சி சிறப்பாகவே நடந்தது. மண்டபச் சுவர்கள் நான்கும் வண்ணமயமாயின. திருமண அழைப்பிதழ்களின் பொற்பூக்களை வெட்டியெடுத்துச் செய்த மயில், முட்டை அடுக்கும் அட்டையின் குழிகளைக் கத்தரித்துச் செய்த தாமரைக் குளம், நாள்காட்டி அட்டையின்மேல் புட்டி மூடிகளைப் பதித்துச் செய்த பெரிய சூரியகாந்தி என ஒவ்வொன்றும் கண்ணைக் கவர்ந்தது. அந்தச் சூரியகாந்திக்கே முதற்பரிசு கொடுத்தோம்.

ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது: ஒரே நிறத்தில் மூடிகள் வேண்டும் என்பதற்காக அந்த வீட்டார் பெட்டி பெட்டியாகக் குளிர்பானம் வாங்கி, குடித்தது போக மீதியைச் சாக்கடையில் ஊற்றியிருந்தனர். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அழகாயிருந்தால் பரிசு என்று அறிவித்தவர்கள் நாம்தாமே. கழிவிலிருந்து கலை செய்யச் சொன்னோம். கலைக்காகக் கழிவு செய்யப்பட்டது.

இரண்டாவது பாடம், ஒரு தாயிடமிருந்து வந்தது. அவருடைய மகள் படம் செய்ய வரவில்லையே என்று கேட்டோம். அவர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுல தட்டு பழசு, துணி பழசு, புள்ளைக்குப் புத்தகமும் பழசு. சுவத்துலயாவது ஒண்ணு புதுசா இருக்கட்டும்னு நெனைக்கிறோம், சாமி." நமக்கு மறுமொழி எழவில்லை. புதுப்பொருள்கள் நிறைந்த வீட்டில் பழைய அட்டையின் படம் ஓர் அழகிய எளிமையாகத் தோன்றும். வாழ்நாளெல்லாம் பிறர் கழித்ததைக்கொண்டே குடும்பம் நடத்துகிறவருக்கோ அதே படம் அவருடைய இல்லாமையின் அடையாளமாகத் தோன்றக்கூடும். புதுவருடத்தில் கடைக்காரர் கொடுத்த பளபளப்பான இயேசுவின் திருஇருதயப் படம் அவருக்கு விலைமதிப்பற்றது. எளிமை என்பது, வேறொன்றைத் தெரிந்துகொள்ள இயன்றவன் மனமுவந்து ஏற்பது. தெரிந்துகொள்ளும் உரிமையே இல்லாதவனிடம் அதனைப் போதிப்பது, அவனுடைய வறுமைக்கு நாம் பூசும் வண்ணமேயன்றி வேறன்று.

மூன்றாவது பாடமே நம்மை உறங்கவிடாதது. கண்காட்சி முடிந்த சில நாள்களில், தெருக்களில் அட்டையும் காகிதமும் பொறுக்கி விற்றுப் பிழைக்கும் மூதாட்டி ஒருவர் பங்கு இல்லத்து வாயிலில் வந்து நின்றார். உள்ளே வருமாறு அழைத்தும் வரவில்லை. "சாமி, இந்த நோன்புக் காலம் முழுக்க எனக்கு அட்டை கிடைக்கல. கடைக்காரங்ககிட்ட கேட்டா, கோயில் புள்ளைங்க வாங்கிட்டுப் போச்சுங்கறாங்க. படம் செய்யவாமே. இனிமேலும் அவங்கதான் எடுத்துப்பாங்களா? சொல்லிட்டா வேற தெருப் பக்கம் போயிக்குவேன்" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வந்தவரைப்போலவே கேட்டார். அதுவே நம்மை மிகவும் வாட்டியது. ஏழை மாணவர்களுக்காகப் பணம் திரட்டிய நாம், ஓர் ஏழையின் உலையிலிருந்து அரிசியை எடுத்திருந்தோம். எடுத்ததை அறியாமலும் இருந்தோம்.

செய்பொருளும் செய்வோனும்

குருமடத்தில் பயின்ற காலத்தில் புனித தாமஸ் அக்குவினாஸ் வகுத்த ஒரு வேறுபாட்டை மனப்பாடமாகவே கற்றிருந்தோம். செய்யவேண்டிய பொருளைச் சரியாகச் செய்யும் அறிவே கலை என்கிறார் அவர். கலைஞனைக் கலைஞன் என்ற முறையில் பாராட்டுவது அவன் செய்த பொருளின் நேர்த்திக்காக. எந்த எண்ணத்தோடு செய்தான் என்பதற்காக அன்று. அறப்பண்போ அத்தகையதன்று, அது செய்வோனையே நல்லவனாக்குவது. ஆகவே படம் நன்றாக அமைந்திருக்க, அதைச் செய்த செயல் நன்றாக அமையாமல் போகலாம். செயல் தூயதாயிருக்க, படம் கோணலாகவும் போகலாம். தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயினும் பரிசு கொடுக்கும் மேடையில் அது நினைவுக்கு வரவில்லை. பொருளின் நேர்த்தியைப் பார்த்துவிட்டு, செயலுக்கும் சேர்த்தே நற்சான்று வழங்கினோம்.

இன்னொன்றும் நமக்குத் தெளிவாயிற்று. 'வீண்' என்பது பொருளுக்குள் இருக்கும் ஓர் இயல்பன்று. அதனைப் பார்க்கும் கண்ணில் இருப்பது. தொலைக்காட்சி வாங்கியவருக்கு அந்த அட்டை இடத்தை அடைக்கும் குப்பை. சிறுவனுக்கு அது கடலும் பனையும் தோன்றப்போகும் வெளி. அம்மூதாட்டிக்கோ அது அன்றைய அரிசி. முதற்கண்ணிலிருந்து இரண்டாம் கண்ணுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம், அதுவரை நன்று. ஆனால் மூன்றாம் கண் ஒன்று இருப்பதே நமக்குத் தோன்றவில்லை. எறியப்பட்ட பொருளைக் காணப் பழகிவிட்டு, எறியப்பட்ட பொருளால் வாழும் மனிதரைக் காணாமல் போனோம். பெயர்ப்பலகை எழுதிய பெரியவரைக்கூட, நமக்குத் தேவை வந்தபோதுதானே திண்ணைக்கு அழைத்தோம்?

கலை வரலாறும் இதனையே சொல்கிறது. முதல் உலகப்போருக்குப் பின், 1919-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஹனோவர் நகரைச் சேர்ந்த கூர்ட் ஷ்விட்டர்ஸ் என்னும் ஓவியர் பயணச்சீட்டு, காகித உறை, மரத்துண்டு ஆகியவற்றை ஒட்டி, வண்ணமிட்டுப் படங்கள் செய்யலானார். நாடே நொறுங்கிக் கிடந்த நாளில், நொறுங்கியதைக்கொண்டுதான் புதியதை ஆக்க முடியும் என்று அவர் கருதினார். நம் நாட்டில், சண்டிகர் நகரத்தில், சாலைப்பணி மேற்பார்வையாளராக இருந்த நேக் சந்த், 1957-ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் எவருக்கும் தெரியாமல் உடைந்த ஓடுகளையும் வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் சேர்த்து, சுவர்களையும் உருவங்களையும் அமைத்தார். 1976-ஆம் ஆண்டில் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்தப் புதிய நகரம் எழுவதற்காக இடிக்கப்பட்ட சிற்றூர்களின் இடிபாடுகளிலிருந்தும் அவர் பொருள்களைச் சேர்த்தார் என்பதே நாம் கருதவேண்டியது. அவரும் நாட்டுப் பிரிவினையின்போது தம் ஊரை இழந்து வந்தவர். அந்தச் சுவர்களில் பதிந்த ஓடுகளுக்குப் பின்னால் யாரோ சமைத்து உண்ட வீடுகள் இருந்தன. ஆகவே கழிவுப் பொருள் எதுவும் உரிமையாளன் இல்லாத பொருளன்று. அதற்கு முன்கதை உண்டு; பின்கதையும் உண்டு.

'ஒரு படம் செய்வதால் உலகின் குப்பை குறைந்துவிடுமா?' என்று கேட்பார் உளர். குறையாது. நேர்மையாகச் சொன்னால் அதில் ஓர் ஆபத்தும் உண்டு. சுவரில் ஓர் அட்டைப் படம் தொங்குவதால், மாதந்தோறும் வந்திறங்கும் புதிய பெட்டிகளைப் பற்றிய உறுத்தல் மறைந்துபோகலாம். ஒப்புரவு அருட்சாதனத்தில் சிறு பாவத்தை விரிவாகச் சொல்லிப் பெரும் பாவத்தை மறைப்பதைப் போன்றது அது. ஆயினும் அக்காரணத்தால் இதனை விட்டுவிடலாகாது. ஒரு பொருளை எறியுமுன் கை சற்றுத் தயங்குவதே இதனால் விளையும் நன்மை. 'இது வேறு எதற்கு உதவும்?' என்று கேட்கப் பழகிய பிள்ளை, நாளடைவில் 'இது வேறு யாருக்கு உதவும்?' என்றும் கேட்கக்கூடும். அந்த இரண்டாம் கேள்வி வராதவரை, நாம் கற்பித்தது கைத்தொழிலேயன்றி அறம் அன்று.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தளித்த நிகழ்ச்சியை யோவான் நற்செய்தியில் பலமுறை வாசித்திருக்கிறோம். எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்துவைக்குமாறு ஆண்டவர் பணித்ததையும், பன்னிரண்டு கூடைகள் நிரம்பியதையும் அந்தத் தவக்காலத்திலேயே எடுத்துக்காட்டி மறையுரை ஆற்றினோம். ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறினோம். துண்டுகளைச் சேர்க்கும் கட்டளை பிறந்தது, அனைவரும் வயிறார உண்ட பின்னர். பசி தீர்ப்பது முதலில். மிச்சம் சேர்ப்பது அதன்பின். நாமோ, உண்ணாதவர் எவரேனும் உளரா என்று கேளாமலே கூடைகளோடு புறப்பட்டுவிட்டோம்.

சுவர் இல்லாதவர்

அடுத்த ஆண்டும் படங்கள் செய்தோம்; ஆனால் சில மாற்றங்களோடு. முதலாவதாக, தெருவில் கிடைக்கும் அட்டை எதையும் பிள்ளைகள் எடுக்கக் கூடாது; தம் வீட்டில் கழிந்தது மட்டுமே. பற்றாக்குறைக்கு அம்மூதாட்டியிடமே, பழைய சாமான் கடைக்காரர் கொடுப்பதற்குச் சற்றுக் கூடுதலான விலைக்கு வாங்கினோம். எந்த அட்டை உறுதியானது, எது நனைந்து உளுத்தது என்பதைத் தொட்டே சொல்லிவிடுவார். பெயர்ப்பலகை எழுதிய பெரியவருக்கு, ஆசிரியருக்கு உரிய ஊதியம். படத்திற்காக எதையும் வாங்கி வீணாக்கியவருக்குப் பரிசு இல்லை. விருப்பமில்லாதவரை வற்புறுத்தவும் இல்லை. கூட்டம் குறைந்தது, கண்காட்சியின் பொலிவும் குறைந்தது. விற்பனைத் தொகை முந்தைய ஆண்டில் பாதிகூட வரவில்லை. இதனை மறைப்பதற்கில்லை.

அந்த ஆண்டு பிள்ளைகள் சிலர் கூடிச் செய்ததுதான் பனைமரப் படம். அதன் அட்டை, அம்மூதாட்டி தெரிந்தெடுத்துக் கொடுத்தது. படத்தை அவருக்கே அளிப்பதென்று பிள்ளைகள் முடிவு செய்தனர். அவர்களுடன் நாமும் சென்று கொடுத்தபோது, அவர் அதை வாங்கிப் பார்த்தார். முட்டையோட்டு நுரையை விரலால் தடவினார். திருப்பி, வெள்ளை பூசிய மறுபக்கத்தையும் பார்த்தார். பிறகு நம்மிடமே நீட்டி, "ரொம்ப நல்லாயிருக்கு சாமி. ஆனா இதை எங்கே மாட்டுவேன்? எனக்குச் சுவரே இல்லையே" என்றார்.

உண்மைதான். நான்கு மூங்கில் கழிகள். மூன்று புறமும் தார்ப்பாய். முன்புறம் பழைய சேலை. அதுவே அவருடைய இல்லம். சுவரில் மாட்டும் படத்தைப் பற்றி இரண்டு தவக்காலங்கள் பேசிய நமக்கு, சுவர் என்பதும் சிலருக்கே வாய்த்த உடைமை என்பது அந்தக் கணம்வரை உறைக்கவில்லை. பிள்ளைகளுள் ஒருத்தி அழுதுவிட்டாள். அவர்தான் அவளைத் தேற்றினார்: "கோயில்ல மாட்டி வை கண்ணு. நான் வர்றப்ப பார்த்துக்கறேன்."

அப்படியே அது நம் வரவேற்பறைக்கு வந்தது. நமக்குரியது அன்று, ஒப்படைக்கப்பட்ட பொருள். வாரத்தில் ஒருநாள் அட்டை கொண்டுவரும்போது உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகிறார். இப்போது வாயிலில் நிற்பதில்லை. சுவர் எழுப்பிக்கொடுக்க அன்பியத்தார் ஆயத்தமாகவே உள்ளனர். செங்கலுக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறோம். ஆனால் அவர் குடியிருக்கும் இடம் புறம்போக்கு. பட்டா வேண்டி எழுதிய மனு அலுவலகத்தில் கிடக்கிறது. மும்முறை நேரில் சென்றோம். இன்னும் முடிவு வரவில்லை. இவ்வாரமும் செல்லவிருக்கிறோம்.

வீடுகளில் அட்டையும் துணியும் முட்டையோடும் கொண்டு படம் செய்யும் வாசகர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே. செய்யுங்கள்; பிள்ளைகளோடு அமர்ந்து, கை அழுக்காகச் செய்யுங்கள். தொடங்குமுன், இந்தப் பொருள் யாருடைய பிழைப்பிற்கும் உரியதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். முடித்தபின், மறுபக்கத்திலும் வண்ணம் பூச மறவாதீர்கள். பூசாவிட்டால் அட்டை வளைந்துவிடும்.